ஆந்தை உமிழ்ந்த எலும்புகள்

போன வாரம் நம் பள்ளிக்கூட வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் ஓர் ஒலிப்பதிவு போட்டிருந்தார். பினாங்கு ஆயர் ஈத்தாமில் அவருடைய அடுக்குமாடி வீட்டுக்குப் பின்னால், மலையோரத்தில் ஓர் ஆந்தை கத்துகிறது. ‘யாருக்கு என்ன ஆகப்போகுதோ’ என்று எழுதி, கும்பிடும் கை மூன்று போட்டிருந்தார். அரை மணி நேரத்துக்குள் நீங்கள் பதினோரு பேர் பரிகாரம் சொல்லிவிட்டீர்கள். உப்பும் காய்ந்த மிளகாயும் நெருப்பில் போடு என்றார் ஒருவர். பட்டாசு கொளுத்து என்றார் இன்னொருவர். மரத்தையே வெட்டச் சொல்லி மனு எழுதலாம், கையெழுத்து நான் வாங்கித் தருகிறேன் என்றார் மூன்றாமவர். வகுப்பில் கணக்குக்குக்கூட நீங்கள் இவ்வளவு வேகமாகக் கை தூக்கியதில்லை.

நான் அந்தப் பதிவை நாலைந்து தடவை கேட்டேன். காட்டு ஆந்தைதான். தொண்டைக்குள் உருட்டுகிற மாதிரி மூன்று நான்கு சின்னச் சத்தம், பிறகு ஒரே ஒரு நீண்ட ‘ஹூம்’. அறுபத்து மூன்று வயதாகியும் எனக்கு அது மறக்கவில்லை. என் அம்மாவை ஆந்தை கத்திக் கொன்றது என்று நீங்கள் சிலர் அந்தக் காலத்திலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். அம்மா செத்ததில் ஆந்தைக்குச் சம்பந்தம் உண்டு. ஆனால் கத்தினதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம் எல்லாருக்கும் இப்போது கொழுப்புக்கு ஒரு மாத்திரை, சர்க்கரைக்கு இரண்டு என்று ஆகிவிட்டது. இனி ஒளித்து என்ன செய்யப் போகிறேன்? எழுதிவிடுகிறேன். நீளமாக இருக்கிறது என்று கட்டைவிரலைக் காட்டிவிட்டு ஓடாதீர்கள்.

தண்ணீர்மலைக்குப் பின்பக்கம், காட்டிலிருந்து இறங்கும் ஓடையைக் கல்தொட்டியில் பிடித்துக் குழாய்க்குள் விடும் ஓர் இடம் இருந்தது. தொட்டியின் கம்பிவலையில் இலை அடைக்காமல் பார்த்துக்கொள்வது அப்பாவின் வேலை. தொட்டிக்குக் கீழே ஆறு வீடு வரிசையாக ஒட்டி நிற்கும் லயம். எனக்கு ஒன்பது வயதாக இருந்த அந்த வருஷம் அதில் இரண்டு வீட்டில்தான் ஆள். ஒன்று எங்களுடையது. மற்றதில் சலவையக்கா இருந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் படுக்கைத் துணி வெளுக்கும் இடத்தில் அவளுக்கு வேலை. புருஷன் எங்கோ போய்விட்டான், பிள்ளை கிடையாது. மீதி நாலு வீட்டிலும் குழாயும் சிமெண்டு மூட்டையும்தான். எங்கே நின்றாலும் மக்கிய இலையின் வாசனை வரும். துணி காய இரண்டு நாள் ஆகும்.

கக்கூஸ் வீட்டுக்குப் பின்னால் முப்பது அடி தள்ளி இருந்தது. அதற்கு மேலே ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு இலையை மூடிக்கொள்வதால் மலாய்க்காரர்கள் அதை ‘பூக்குல் லீமா’ என்பார்கள். கிளையெல்லாம் பாசி, பெரணி. இரண்டு ஆள் உயரத்துக்கு மேல் கிளை பிரிகிற இடத்தில் ஒரு பொந்து. அதற்குள்தான் ஆந்தைகள் குடியிருந்தன.

அந்தப் பருவத்தில் அம்மாவுக்குத் தாகம் தாங்கவில்லை. ஒரு கெட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டு இன்னும் கேட்பாள். இரவில் நாலு தடவை, ஐந்து தடவை எழுந்து பின்னால் போக வேண்டும். டார்ச்லைட் பிடித்துக்கொண்டு துணைக்குப் போவது நான். இன்றைக்கு கிளினிக்கில் இருக்கும் சின்னப் பெண் இதைக் கேட்டாலே விரலில் ஊசி குத்திவிடும். அப்போது எங்கள் வீட்டில் ‘உடம்பு சூடு’ என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் கொடுத்தோம்.

முதல் நாள் தலைக்கு மேலே அந்த உருட்டுச் சத்தம் கேட்டதும் நான் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டேன். அம்மா சிரித்தாள்.

“பயந்துக்காதடி. அதுவும் நம்மள மாதிரி தூக்கங்கெட்ட சென்மம்.”

அதற்குப் பிறகு நான் அதைப் பார்ப்பதற்காகவே எழுந்துகொள்வேன். படத்தில் போடுகிற மஞ்சள் கண் அதற்கு இல்லை. கறுத்த பழுப்புக் கண், முகம் முழுக்கச் செம்மண் நிறம், முதுகில் அரிசி தெளித்த மாதிரி வெள்ளைப் புள்ளி. தலையில் கொம்பும் கிடையாது. விரல் நுனி வரைக்கும் இறகு. ஆணும் பெண்ணும் எப்போதும் ஜோடிதான். பகலில் அடர்ந்த இலைக்குள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்திருக்கும். சின்னக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து திட்டும், அவை கண்ணை மட்டும் மூடிக்கொள்ளும். இருட்டினதும் ஒன்று கத்தும், மற்றது கொஞ்சம் தள்ளிப் பதில் சொல்லும். பறந்தால் நம் தலைக்கு மேலே போனாலும் காதில் எதுவும் விழாது. சிமெண்டு மூட்டைகளுக்கு இடையில் பெருத்துக் கிடந்த எலிகள்தான் அவற்றுக்குச் சாப்பாடு.

தைப்பூச மேளம் மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, குஞ்சு ஒன்று பொத்தென்று கீழே விழுந்தது. வெள்ளைப் பஞ்சு மாதிரி இருந்தது. நான் எடுக்கக் குனிந்தேன். அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

“தொடாத. அதுவே ஏறிக்கும் பாரு.”

உண்மையிலேயே ஏறியது. அலகால் மரப்பட்டையைக் கவ்வி, நகத்தை ஊன்றி, இறக்கையைப் படபடவென்று அடித்து, சறுக்கி, மறுபடி ஏறி... நாங்கள் மூன்றாவது தடவை பின்னால் போனபோது அது பொந்துக்குப் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருந்தது. அம்மா அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தாள். காலில் கல் குத்தியதைக்கூட அவள் சொல்லவில்லை.

ஆந்தை எலியை அப்படியே விழுங்கும். இறைச்சி செரித்த பிறகு மீதியை, முடியும் எலும்புமாக, ஓர் உருண்டையாக உமிழ்ந்துவிடும். கட்டைவிரல் அளவு இருக்கும். புதிதாக விழுந்தது கறுப்பாகப் பளபளக்கும், காய்ந்தால் சாம்பல் நிறக் கம்பளி. காலையில் பள்ளிக்குப் போகுமுன் மரத்தடியில் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். சிரட்டைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே இருந்து முழு எலித்தலை வரும். ஆரஞ்சு நிற முன்பல், ஊசி மாதிரி விலா எலும்பு, சில நேரம் வண்டின் பச்சை ஓடு. எனக்கு விளையாட வேறு பிள்ளை கிடையாது. சலவையக்கா தன் பழைய நீலக் கைலியைக் கிழித்து, தலை துவட்டிக்கொள் என்று எனக்கு ஒரு துண்டு கொடுத்திருந்தாள். எலித்தலைகளை அதில் சுற்றி, பிரிக்காத உருண்டைகளையும் சேர்த்து ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு, அம்மா படுக்கும் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தேன். வேறு எங்கே வைத்தாலும் அப்பா கண்ணில் படும்.

அப்பாவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கெட்டவர் இல்லை. ஆனால் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் ஒரு ரோத்தான் பிரம்பு தொங்கும். உங்கள் வீடுகளிலும் தொங்கியதுதான். அதற்கு முந்தின வருஷம் தொட்டித் தண்ணீரில் தவளைக்குஞ்சு விட்டதற்காக வாங்கிய அடியில் ஒரு வாரம் நான் பெஞ்சில் உட்காரவில்லை. குப்பை, செத்தது, எச்சில் எதையும் வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பது அவர் சட்டம்.

அம்மா காலில் கல் குத்திய இடம் ஆறவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் கொப்புளம் உடைந்து, ஓரம் கறுத்து, பிறகு விரலே கறுத்தது. மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துக் கட்டினார்கள். வீட்டில் ஒரு இனிப்பான கெட்ட வாசனை வர ஆரம்பித்தது. அம்மாவால் நடக்க முடியாமல் போனதும் சலவையக்காதான் வேலை முடிந்து வந்து சோறு ஆக்கினாள், எங்கள் துணியைத் துவைத்தாள், அம்மாவின் காலைக் கழுவினாள். மூன்று நாளாக அவளுக்கு ஒரே பேச்சுத்தான்.

“அண்ணே, கக்கூஸ்ல எறும்பு மொய்க்குது, பாத்தீங்களா? இது இனிப்பு நீரு. நான் தெனம் பாக்குறேன் இந்த மாதிரிப் புண்ணு. இன்னும் லேட் பண்ணா கெட்டுப்போயிரும்.”

“அங்க போனா கால எடுத்துருவானுங்க,” என்றார் அப்பா.

“கால்தானே போவும். ஆளு இருப்பாங்கல்ல.”

அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள். கால் போவதை அவளாலும் நினைக்க முடியவில்லை. ஆனால் சனிக்கிழமை ராத்திரி அப்பா மனம் இறங்கி வந்தார். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிச் சலவை வேன் ரோட்டு முனைக்கு வரும், டிரைவரிடம் சொல்லி அதிலேயே அம்மாவை ஏற்றிக்கொண்டு போகலாம் என்று அக்கா ஏற்பாடு செய்தாள். அப்பா சரி என்றார். இதை நன்றாக ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர் சரி என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சுங்கை பாக்காப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து சாமி பார்ப்பவர் ஒருவர் வந்தார். கால் போகுமுன் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று அப்பாதான் சொல்லி அனுப்பியிருந்தார். மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கி, இளநீர் குடித்து, அம்மாவின் காலைப் பார்த்து மூக்கைச் சுளித்தார். அப்போது மரத்தில் ஆந்தை ஒரு தடவை கத்தியது. பகலில் கத்துவது அபூர்வம். குஞ்சு இருந்ததால் கத்தியிருக்கும். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“வீட்டுக்குள்ளயே வச்சிருக்கு. முடியும் எலும்பும். இந்த வீட்டுல கை நனைச்சவங்கதான் வச்சது.”

இந்த ஆட்கள் எல்லா வீட்டிலும் இதைத்தான் சொல்வார்கள் என்று பிற்பாடு எத்தனையோ இடத்தில் பார்த்துவிட்டேன். தேடினால் ஒன்றும் கிடைக்காது, ‘கரைஞ்சு போச்சு’ என்று சொல்லிப் பூசையை வைத்துக்கொள்வார்கள். எங்கள் வீட்டில் கிடைத்தது.

அப்பா கட்டிலுக்கு அடியில் கையை விட்டு டின்னை இழுத்தார். மூடியைத் திறந்தார். சாம்பல் நிற முடி உருண்டைகள். நீலத் துண்டைப் பிரித்ததும் எலித்தலைகள் சிமெண்டுத் தரையில் உருண்டன. சாமி பார்ப்பவரே இரண்டடி பின்னால் போனார். இத்தனை வருஷத் தொழிலில் அவருக்கும் அதுதான் முதல் தடவையாக இருக்க வேண்டும்.

அக்கா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அப்பா துண்டைத் தூக்கிக் காட்டினார்.

“இது யாரு கைலி?”

அவள் துண்டைப் பார்த்தாள். கீழே கிடந்ததைப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்தாள்.

“கைலி என்னோடதுதான், அண்ணே.”

அவ்வளவுதான் சொன்னாள். அப்பா சொன்னதையெல்லாம் நான் எழுத மாட்டேன். பிள்ளை இல்லாதவள், புருஷனைத் தின்றவள், என் குடும்பத்தையும் தின்ன வந்தவள் என்கிற வரைக்கும் போனது. அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ரோத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் காலில் சூடாக வழிந்தது. பயத்தில் பாவாடையிலேயே போய்விட்டேன் என்பதை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்குக் காய்ச்சல் அடித்தது. தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். டம்ளரைத் திருப்பித் தரும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“எத்தன எலிடி சேத்து வச்சிருந்த?”

நான் அழ ஆரம்பித்தேன். “பதினேழும்மா.”

“நீ வாய தொறக்காத. தோல உரிச்சிருவாரு. நாளைக்கி அவரு கோவம் ஆறட்டும், நானே சொல்லிக்கிறேன்.”

“அக்கா பாவம்மா.”

“அவ பெரிய மனுஷி. ஒரு நாளு தாங்கிப்பா.”

மறுநாள் காலையில் அம்மாவுக்குப் பேச்சு குழறியது. என்னைப் பார்த்து யார் பேரையோ சொன்னாள். ரோட்டு முனையில் வேன் ஹார்ன் அடித்தது. அக்கா எங்கள் வாசலில் நின்று கதவைத் தட்டினாள். “அண்ணே, என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க. அண்ணிய மட்டும் ஏத்துங்க. நான் அந்த வேன்ல வரல, நடந்தே போறேன்.” அப்பா தாழ்ப்பாளில் கை வைத்துக்கொண்டு உள்ளே நின்றார். நான் அவருக்குப் பின்னால் மூன்றடி தூரத்தில் நின்றேன். ‘டின்னு என்னுது’ என்று இரண்டே வார்த்தை சொல்லியிருந்தால் போதும். வேன் இன்னொரு தடவை ஹார்ன் அடித்தது. பிறகு போய்விட்டது.

செவ்வாய்க்கிழமை, சாமி பார்ப்பவர் சொன்னபடி, அப்பா தொட்டி வேலைக்கு வைத்திருந்த பெரிய ரம்பத்தால் தூங்குமூஞ்சி மரத்தை அறுத்தார். தனி ஆளாக மதியம் வரை அறுத்தார். அவர் அழுதுகொண்டே அறுத்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மரம் விழுந்ததில் ஒரு குஞ்சு அங்கேயே செத்தது. கீழே விழுந்து ஏறிய அந்தக் குஞ்சு மட்டும் உயிரோடு இருந்தது. இலைக்குவியலுக்குள் நடந்து, அடிமரத்துக்கு வந்து, அலகால் பட்டையைக் கவ்வி முழங்கால் உயரம் ஏறியது. அதற்கு மேல் ஏற மரம் இல்லை. இருட்டினதும் இரண்டு பெரியதும் வந்தன. ஒன்று எலி கொண்டுவந்து கொடுத்ததை நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். காலையில் போய்ப் பார்த்தால் நாய் கடித்துப் போட்ட இறகுதான் கிடந்தது.

வியாழக்கிழமை விடியுமுன் அம்மா செத்துப்போனாள். ஞாயிறு ராத்திரியிலிருந்து வியாழன் விடியற்காலை வரை எனக்கு நேரம் இருந்தது. மணிக்கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதை உங்களுக்குச் சொல்ல மாட்டேன்.

எடுக்கும்போது அக்கா வாசலுக்கு வரவில்லை, வர விடவில்லை. சாக்கடைக்கு அந்தப் பக்கம் நின்று, வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டு பார்த்தாள். அந்த மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தாள். ஆந்தைகள் இரண்டும் ஒரு மாதம் வரை அறுத்த மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து கத்தின. அப்பா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு படுப்பார். பிறகு அவையும் மேலே காட்டுக்குள் போய்விட்டன. எலிகள் மட்டும் எங்கள் வீட்டு அரிசி டின் வரைக்கும் வந்தன.

லயம் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். நமக்குத் தெரிந்த பினாங்கில் பாதி கார் நிறுத்துமிடம் ஆகிவிட்டது, அதற்காக நான் அழவில்லை. அப்பா எண்பது வயது வரை இருந்தார். வந்தவர் போனவர் எல்லாரிடமும் டின் கதையைச் சொன்னார். அவர் உயிரோடு இருந்த வரை நான் உண்மையைச் சொல்லவில்லை. முதலில் பயம். பிறகு, இதைச் சொன்னால் அந்த மனிதருக்கு மிச்சம் என்ன இருக்கும் என்று தோன்றியது.

சென்ற வருஷம் கிளினிக்கில் என் காலை ஒரு நர்ஸ் பிள்ளை மடியில் வைத்து, விரலிடுக்கெல்லாம் பார்த்து, “புண்ணு ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, ஆனா தெனம் பாத்துக்கணும் லா,” என்றாள். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து அப்படி அழுதேன். அந்த வாரமே விசாரிக்க ஆரம்பித்தேன். சலவையக்கா பாகான் டாலாமில் தன் தமக்கை மகன் வீட்டில் இருப்பதாகத் தெரிந்தது. பெர்ரி ஏறிப் போனேன்.

எண்பதைத் தாண்டியிருந்தாள். கண் சரியாகத் தெரியவில்லை, காதும் புத்தியும் கூர்மை. யார் என்று சொன்னதும் என் கையைப் பிடித்து விரல்களைத் தடவினாள். நான் உட்காரக்கூட இல்லை. “அக்கா, அந்த டின்னு என்னுதுக்கா,” என்றேன். ஐம்பத்து மூன்று வருஷத்துக்குப் பிறகு அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லிவிட்டேன்.

“தெரியுமே,” என்றாள் அவள்.

எனக்குப் புரியவில்லை.

“உன் ஸ்கூல் சட்டைய தொவச்சது யாரு? பையில பூராவும் எலிமுடி, குட்டிக்குட்டி எலும்பு. ஒவ்வொரு நாளும் தட்டித் தட்டித்தான் தொவப்பேன். டின்ன பாத்ததுமே தெரிஞ்சிருச்சு.”

“அப்புறம் ஏன்க்கா சொல்லல?”

“உங்கப்பா பக்கத்துலயே அந்த ரோத்தான் தொங்கிக்கிட்டு இருந்துச்சே. நீ அத பாத்துக்கிட்டே நின்ன. பாவாடைலயே ஒண்ணுக்குப் போயிட்ட. ஒன்பது வயசுப் புள்ளயக் காட்டிக் குடுக்க மனசு வரலம்மா. ஒரு நாள்ல கோவம் ஆறிரும், காலைல வேன்ல ஏத்திரலாம்னு நெனச்சேன்.”

யாரும் கவனிக்கவில்லை என்று நான் நினைத்ததை அவள் கவனித்திருந்தாள். அம்மாவும் அப்படியேதான் சொன்னாள் என்றேன். அந்த ராத்திரி அம்மா என் மணிக்கட்டைப் பிடித்ததையும், கோவம் ஆறட்டும் நானே சொல்லிக்கிறேன் என்றதையும் சொன்னேன். வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை உதைத்து உதைத்து ஸ்டார்ட் பண்ணப் பார்த்தார்கள்.

“அப்ப அவங்களுக்கும் தெரியுமா?” என்றாள் அக்கா. “மூணு பேருமா வாய மூடிக்கிட்டு இருந்தோம்?”

மன்னித்துவிடு என்று நான் கேட்கவில்லை, அவளும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. தேத்தண்ணி போடச் சொல்லட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போன மார்கழியில் அவளும் போய்விட்டாள்.

மரத்தை வெட்ட மனு எழுதினால் என்னிடம் கையெழுத்துக் கேட்காதீர்கள். இன்னொன்றைச் சொல்லி முடிக்கிறேன். அம்மாவைப் புதைத்துவிட்டு வந்த அன்று அப்பா அந்த ரோத்தானை ஆணியிலிருந்து எடுத்தார். நான் அடுப்படி மூலையில் ஒடுங்கி நின்றேன். அவர் அதை முழங்காலில் வைத்து இரண்டாக ஒடித்து அடுப்பில் போட்டார். தாயில்லாப் பிள்ளையை இனி யார் அடிப்பது என்றார். சாகும் வரை அவர் என்மேல் கை வைக்கவே இல்லை.